இரவில் மூச்சுவிடும் பீப்பாய்க் கள்ளி

அமெரிக்காவின் தென்மேற்கிலும் அதையொட்டிய மெக்சிகோவிலும் விரிந்துகிடக்கும் மொஹாவி, சொனோரன் பாலைவனங்களின் கற்சரிவுகளில், ஃபெரோகாக்டஸ் சிலிண்ட்ரேசியஸ் எனத் தாவரவியலார் அழைக்கும் பீப்பாய்க் கள்ளி வளர்கிறது. ஆள் உயரத்தைத் தாண்டக்கூடிய இது, அந்த உயரத்தை எட்டப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும். தொட்டியில் வளர்க்கப்படும்போது இது தாகத்தால் சாவது அரிது. அக்கறையோடு அடிக்கடி ஊற்றப்படும் தண்ணீரே பெரும்பாலும் இதைக் கொல்கிறது.

அதற்கான காரணம் இதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. தண்டின் நெடுக ஓடும் வரிமேடுகள், ஆர்மோனியத் துருத்தியைப் போல, மழை பெய்தால் விரிந்து நீரைத் தேக்கிக்கொள்ளவும் வறட்சியில் தோல் கிழியாமல் மடிந்து சுருங்கவும் இடம் தருகின்றன. பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளிழுக்க, இக்கள்ளியோ தண்டின் பச்சைத் தோலிலுள்ள துளைகளைக் குளிர்ந்த இரவில் மட்டுமே திறந்து, உள்ளே வரும் வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து, மறுநாள் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வெளிப்படும் வாயுவைக் கொண்டே வெயிலில் ஒளிச்சேர்க்கை நடத்துகிறது. இந்த ஏற்பாட்டினால் நீரிழப்பு மிகவும் குறைகிறது. கலிஃபோர்னியப் பாலைவனத்தில் இக்கள்ளியை ஆராய்ந்த பார்க் நோபல், மண் வறண்டு வேருக்கு நீர் கிடைக்காமல் போன பின்பும், தண்டில் தேங்கிய நீரைக் கொண்டே சுமார் 40 நாள்கள் துளைகள் இரவில் திறந்து இயங்குவதை 1977இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்.

இவ்வளவு சிக்கனமான தாவரத்தின் வேர்களோ, சிறு தூறலையும் விடாமல் உறிஞ்சுவதற்காக மண்ணின் மேல்மட்டத்திலேயே பரவுபவை. ஈரத்தில் ஊறிக்கிடந்தால் அவை எளிதில் அழுகிவிடும். ஆகவே பருமணலும் சிறுசரளையும் பாதிக்கு மேல் கலந்த, நீர் தங்காத மண்கலவையும், அடியில் துளையுள்ள தொட்டியும் இன்றியமையாதவை. மண் அடிவரை காய்ந்த பிறகே அடுத்த முறை நீர் ஊற்றவேண்டும். வளர்ச்சி ஓய்ந்திருக்கும் குளிர்காலத்தில் அநேகமாக ஊற்றாமலே விடலாம். தண்டின் அடிப்பகுதி பழுப்பேறி விரலுக்கு மெத்தென்று பட்டால் அழுகல் தொடங்கிவிட்டதென்று பொருள். வரிமேடுகள் சற்றுச் சுருங்குவதோ வெறும் தாகம்தான், அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

பாலைவனச் செடி என்பதாலேயே இளங்கன்றையும் கடும் வெயிலில் வைத்துவிடுவது பரவலான தவறு. கோடைப் பகலில் பாலைவன மண்ணின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தொடும். பட்டாணியளவே உள்ள நாற்று அதைத் தாங்காது. இயற்கையில் பிழைக்கும் நாற்றுகள் பல, புல்புதர்களின் நிழலில் ஒதுங்கி வளர்ந்தவையே. எனவே விதையிலிருந்து வளர்ப்போர் முதல் சில ஆண்டுகள் வடிகட்டிய ஒளியைத் தந்து, வெயிலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கவேண்டும்.

வளர்ந்த செடியை இடம் மாற்றும்போது, பழைய இடத்தில் தெற்கு நோக்கியிருந்த பக்கத்தை அடையாளமிட்டு, புதிய இடத்திலும் அதே திசையில் நிறுத்துவது நல்லது; நிழலிலேயே இருந்த வடபக்கத் தோல் திடீரென நேர்வெயில் பட்டால் வெந்து, மறையாத தழும்பாகிவிடும். மாற்றும்போது காயம்பட்ட வேர்கள் ஆறும்வரை, குறைந்தது ஒரு வாரமாவது, நீர் ஊற்றாமல் பொறுத்திருக்க வேண்டும்.