துயர்க் காலத்துச் சிறு உலா

வயது முதிர்ந்த தாயை இழந்தவரிடம் உலகம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. "பேரன் பேத்தி கண்டு, நிறைந்த வயதில் போயிருக்கிறார், இது கல்யாணச் சாவு அல்லவா?" என்பார்கள். சொல்பவர் உள்ளத்தில் அன்பு இருக்கிறது. சொல்லிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் கேட்பவர் நெஞ்சில் அச்சொல் தங்குவதில்லை. தாய்க்கு எண்பத்தாறு வயது என்றால் மகனுக்கும் அறுபது கடந்திருக்கும். அறுபது ஆண்டு உறவு ஒரே நாளில் அறுபடும்போது துயரம் எவ்வாறு சிறிதாகும்? முற்றத் துறந்த பட்டினத்தாரே அன்னையின் ஈமக்கடனுக்குத் திரும்பி வந்து உருகிப் பாடினார் என்பது மரபு கூறும் செய்தி. இல்லறத்தில் உள்ள நாம் எம்மாத்திரம்?

சென்ற தை மாதத்தில் என் அன்னை நெருளில் எங்கள் இல்லத்தில் மறைந்தார். நெல்லைச் சீமையிலிருந்து மணப்பெண்ணாக மும்பை வந்தவர் அவர். தாராவியில் ஓர் அறையிலும், பிறகு செம்பூரில் ஒரு சால் வீட்டிலும் எங்களை வளர்த்து ஆளாக்கினார். 1993இல் மின்சார ரயில் நெருளை எட்டிய சில ஆண்டுகளில் நாங்கள் இங்கே குடிவந்தோம். கடைசி நான்கு ஆண்டுகள் அன்னை படுக்கையில் இருந்தார். காலை ஆறு மணிக்கு மருந்து, எட்டு மணிக்குக் கஞ்சி, பிறகு உடம்பு துடைத்தல், மாலையில் கால் பிடித்துவிடுதல் என்று எங்கள் வீட்டுக் கடிகாரமே அவருக்காக ஓடியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் ஊர் திரும்பினர். மறுநாளும் ஆறு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. மருந்து கொடுக்கத்தான் ஆள் இல்லை. முதியோரை உடனிருந்து பேணியவர்களுக்கு இருமடங்கு இழப்பு உண்டென்பதை அன்று உணர்ந்தேன். தாயும் போகிறார், அவருக்குச் செய்துவந்த பணியும் போகிறது.

எங்கள் வழக்கப்படி ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை, மணவீடுகளுக்குச் செல்வதில்லை, மலைக்கோயில் ஏறுவதும் இல்லை. நெருள் பாலாஜி கோயிலோ குன்றின்மேல் இருக்கிறது. அன்னை வணங்கிய செம்பூர் செட்டா நகர் முருகனையும் படியேறித்தான் காண வேண்டும். இந்த விலக்குகளை நான் குறை கூறவில்லை. துயரத்துக்கு உரிய காலத்தை அவை காக்கின்றன. ஆனால் செல்லும் வழியெல்லாம் அடைபட, வீடே சிறை போல் ஆயிற்று. அன்னை படுத்திருந்த கட்டிலைப் பார்த்தபடி நாள் முழுதும் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாலை அடுத்த வீட்டு மராத்தியப் பெரியவர் வந்தார். அவரைக் காகா என்றுதான் எல்லோரும் அழைப்போம். அவர் தத்துவம் ஒன்றும் பேசவில்லை. "செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள், ஏரி வரை நடந்து ஒரு கட்டிங் சாய் குடித்துவிட்டு வருவோம்" என்றார். மறுக்கத் தெம்பின்றி உடன் சென்றேன்.

'ஜுவல் ஆஃப் நவி மும்பை' என்று பெயர் பெற்ற நெருள் ஏரியை நம் அன்பர்கள் பலர் அறிவர். அது அழகுக்காக மட்டும் அமைந்த ஏரியன்று. 1970இல் தோன்றிய சிட்கோ நிறுவனம் இந்நகரைக் கழிமுகத்தின் ஓரத்தில், தாழ்ந்த நிலத்தில் அமைத்தது. ஆதலால் ஹாலந்து நாட்டு முறையைப் பின்பற்றி நீர்தாங்கும் குளங்களை வெட்டினார்கள். கடல் பொங்கும் வேளையில் மதகுக் கதவுகள் மூடிக்கொள்ளும். ஊரில் பெய்யும் மழைநீர் குளத்தில் தங்கும். கடல் வற்றியதும் கதவுகள் திறக்க, தேங்கிய நீர் மெல்ல வெளியேறும். ஓய்வு பெற்ற பொறியாளராகிய காகா இதை விளக்கிக்கொண்டே நடந்தார். அன்னையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இரண்டாம் சுற்றில் நானே பேசத் தொடங்கினேன். வீட்டில் வராத பேச்சும் கண்ணீரும் அந்த நடைபாதையில் வந்தன.

அன்று தொடங்கிய பழக்கம் சிறிது சிறிதாக வளர்ந்தது. ஒரு ஞாயிறு, நெருளிலிருந்து உரண் செல்லும் ரயிலில் நானும் மனைவியும் ஏறினோம். 2018இல் கார்கோபர் வரை ஓடத் தொடங்கி, 2024 ஜனவரியில் உரணை அடைந்த பாதை அது. எங்களுக்கு உரணில் வேலை ஒன்றும் இல்லை. சன்னலோரம் அமர்ந்து, அலையாத்திக் காடுகளையும் நீர்த்தடங்களையும் பார்த்துக்கொண்டே போய், அடுத்த வண்டியில் திரும்பினோம்.

மற்றொரு நாள் மாட்டுங்கா சென்றேன். பூக்கடை முன் நின்றதும், பழக்கத்தால் கை தானாக உதிரி மல்லிகை வாங்கிவிட்டது. பூவை உதிரியாக வாங்கித் தந்தால் முருகன் படத்துக்குத் தாமே தொடுப்பது அன்னையின் வழக்கம். ரயிலில் வரும்போதுதான் இதைத் தொடுக்க இனி யார் என்ற எண்ணம் எழுந்தது. பொட்டலத்தை மடியில் வைத்தபடி வாஷிப் பாலம் முழுவதும் அழுதேன். வீடு வந்ததும் என் மகள், "கொடுங்கள் அப்பா, ஆச்சி எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று வாங்கிக்கொண்டாள். அவள் தொடுத்த சரம் இடைவெளி விட்டும் நெகிழ்ந்தும் இருந்தது. அன்று அதுவே அன்னையின் படத்துக்கும் முருகனுக்கும் மாலையாயிற்று.

எங்கள் சமூகப் பெரியவர் ஒருவர் ஏரிக்கரையில் என்னைக் கண்டு, "அம்மா போய் மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் காற்று வாங்கப் புறப்பட்டீர்களோ?" என்று கேட்டார். அச்சொல் தைத்தது. இரண்டு நாள் வெளியே செல்லவில்லை. நான் அன்னையை மறக்க முயல்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

இவ்வினாவை அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹாலந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்னும் இருவர் 1999இல் ஒரு கருத்தை வெளியிட்டனர். துயருற்ற மனம் இழப்பை நோக்கிச் சில வேளையும், அன்றாட வாழ்வை நோக்கிச் சில வேளையும் மாறி மாறிச் செல்கிறது. துயரத்திலிருந்து இடையிடையே ஓய்வு பெறுவதும் அதைத் தாங்கும் முறையின் ஒரு பகுதியே என்பது அவர்கள் கருத்து. நெருள் ஏரியின் மதகும் இதைத்தானே செய்கிறது? நீரைத் தடுக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் கூறுவேன். உலாவினால் தீராத துயரமும் உண்டு. ஆறு மாதம், ஓராண்டு கடந்தும் ஏக்கம் சிறிதும் தணியாமல் அன்றாட வாழ்வையே முடக்கிவிடுமானால், அதை மருத்துவ உலகம் நீடித்த துயர்நோயாகக் கொள்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. அத்தகையோர் மருத்துவரை நாடுவதில் நாணத்துக்கு இடமில்லை.

சித்திரையில் ஒரு நாள் சீவுட்ஸ் பக்கத்து நீர்நிலையில் பூநாரைகளைக் கண்டேன். தாணே கழிமுகம் 2015இல் அவற்றின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கடல் ஏறிச் சேற்றுநிலம் மூழ்கும்போது அவை இப்பக்கத்து நீர்நிலைகளுக்குப் பறந்து வந்து தங்கும். உண்ணும் பாசியால் அவற்றின் சிறகு செந்நிறம் பெறுகிறது. அன்னை நடமாடிய காலத்தில், "சிவப்புக் கொக்கு வருதாமே, ஒரு நாள் கூட்டிக்கொண்டு போ ஐயா" என்று கேட்டதுண்டு. "அடுத்த ஞாயிறு போகலாம் அம்மா" என்றேன். எத்தனையோ ஞாயிறுகள் வந்து போயின. எங்கள் வீட்டிலிருந்து அந்த நீர்நிலைக்கு ஆட்டோவில் சிறிது நேரமே.

அக்குறையை இனி நான் தீர்க்க இயலாது. அன்னையை இழந்த அன்பர்களே, வெளியே செல்லக் கூசாதீர்கள். நீங்கள் செல்லும் இடமெல்லாம் அவரும் உடன் வருவார். அன்னை இருக்கப்பெற்ற அன்பர்களே, சக்கர நாற்காலியில் வைத்தேனும் அவரை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடுத்த ஞாயிறு வேண்டா. இந்த ஞாயிறே செல்லுங்கள்.