அருகில் இருத்தலே உபவாசம்

மார்கழி மாத வளர்பிறை ஏகாதசியே வைகுண்ட ஏகாதசி. வீடுபேற்றை வேண்டி நோற்கும் இந்நாளில், முதுமையால் உணவு ஒழிக்க இயலாத பெரியோர், 'விரதம் தவறிவிட்டதே' என்று மனம் வருந்துவதுண்டு. அக்கவலை வேண்டுவதில்லை. எட்டு வயதைக் கடந்து, எண்பது நிறையாதோருக்கே ஏகாதசி உபவாசத்தைச் சாஸ்திரங்கள் விதிக்கின்றன. நீர், கிழங்கு, கனி, பால், மருந்து ஆகியவற்றால் விரதம் பங்கமுறாது என்றும் அவை கூறுகின்றன. 'உபவாசம்' என்னும் சொல்லுக்கே அருகில் வசித்தல் என்பதுதான் பொருள். இறைவனை நெஞ்சால் அணுகியிருப்பதே நோன்பின் உயிர்.

இவ்வுண்மையைத் திருவரங்கம் ஆண்டுதோறும் கண்முன் காட்டுகிறது. ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்க, இராப்பத்து தொடங்கும். அதன் நிறைவில் நிகழ்வது நம்மாழ்வார் மோட்சம். வெண்ணிற ஆடை உடுத்திய ஆழ்வாரை அர்ச்சகர்கள் கைகளில் தாங்கி வந்து, நம்பெருமாள் திருவடியில் தலை படியச் சேர்ப்பர், திருத்துழாயால் மூடுவர். ஆழ்வாரும் தாங்கப்பட்டே திருவடி சேர்கிறார்.

உடல் தளர்ந்தோருக்கு இதனினும் பெரிய ஆறுதல் ஏது? மருந்தை வேளை தவறாது உட்கொண்டு, இருந்த இடத்திலேயே திருநாமம் சொல்லி, மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்கனியும் சேர்த்து உண்ணலாம். நோன்பு நிறைவுறும், தாங்குவது அவன் பொறுப்பு.