இல்லமும் மருத்துவமனையே

சாந்தோமிலிருந்து மயிலாப்பூர்க் குளத்தை நோக்கிச் செல்லும் கச்சேரி சாலையையும், அதன் இருமருங்கிலும் கிளைத்தோடும் சந்துகளையும் அறியாத வாசகர் நம்முள் சிலரே இருப்பர். சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய சந்து ஒன்றில் இல்லச் சந்திப்புக்காகச் சென்றிருந்தோம். ஒரு வீட்டின் பின்புறக் குழாயடியில், மற்றப் பாத்திரங்களினின்று விலக்கி, ஓர் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவை அவ்வீட்டு மருமகளுக்கு உரியவை. தையல் வேலை செய்து வந்த அந்தப் பெண்ணுக்குக் காசநோய் கண்டிருந்தது. அவளுடைய மூன்று வயதுக் குழந்தையைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

“நாங்க செய்றது சரிதானே, சாமி?” என்று மாமியார் நம்மைக் கேட்டார். “சரிதான், முடிந்தால் தாம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், வீட்டிலுள்ளவர்களுக்கும் அதுவே நல்லது” என்று நாமும் சொல்லி வைத்தோம். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே சென்றுவிட்டாள்.

நாம் அவ்வாறு சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் இளமையில் சித்தப்பா ஒருவரை இதே நோய்க்காகச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். காசநோய் என்றால் தாம்பரம் என்பதே அந்நாளையச் சென்னைவாசிகளின் எண்ணம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே சானடோரியத்தைத் தொடங்கிய காலத்தில், இந்நோய்க்கு நேரடியான மருந்து எதுவும் கிடையாது. தூய காற்று, பூரண ஓய்வு, சத்துள்ள உணவு ஆகியவையே சிகிச்சை. ஆகவே நோயாளியை வீட்டினின்று பிரிப்பது அன்றைய நியாயம். மருந்து வந்த பின்னும் அந்த வழக்கம் மனத்தை விட்டு அகலவில்லை. நாமோ கேள்வியால் அறிந்ததை அறிவுரையாக வழங்கிவிட்டோம்.

அடுத்த வாரம் லஸ் பக்கத்தில் நெடுநாளாகத் தொழில் செய்துவரும் குடும்ப மருத்துவர் ஒருவரைச் சந்தித்தோம். அந்தப் பெண்ணின் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பி நோயைக் கண்டுபிடித்தவர் அவரே. நாம் சொன்ன யோசனையைக் கேட்டதும் அவர் புன்னகைத்தார். “ஃபாதர், நீங்கள் கேட்கும் கேள்விக்கு நம்முடைய ஊரிலேயே, சேத்துப்பட்டிலே, விடை கண்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறதே!” என்றார். அவர் விளக்கியதைப் பின்னர் நாமும் தேடிப் படித்தோம்.

1956-ஆம் ஆண்டு சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் சாலையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதனை வழிநடத்தினார். அவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது: காசநோயாளி குணமடைய மருத்துவமனைப் படுக்கை கட்டாயந்தானா? அந்நாளில் நோயாளிகளோ ஏராளம், படுக்கைகளோ சொற்பம். படுக்கைக்காகக் காத்திருந்தே மாண்டவர் பலர்.

பெரிய மருத்துவர்களின் கருத்தைக் கேட்டு அவர்கள் முடிவு கட்டவில்லை. சென்னையின் ஏழை எளியோருள் 193 நோயாளிகளைத் தேர்ந்து, சீட்டுக் குலுக்குவதைப் போல, யாருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமின்றி இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மறு பிரிவினர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்னும் அதே மருந்துகள் ஓராண்டுக் காலம் அளிக்கப்பட்டன. சானடோரியத்தாருக்கு நல்ல உணவும் ஓய்வும் செவிலியர் பணிவிடையும் கிடைத்தன. வீட்டிலிருந்தோருக்கோ நெருக்கமான குடிசையும் குறைந்த உணவுமே வாய்த்தன. அவர்களுள் பலர் உழைத்துப் பிழைக்கவும் வேண்டியிருந்தது.

ஓராண்டின் முடிவில் சானடோரியத்தாருள் 92 விழுக்காட்டினருக்கும், வீட்டிலிருந்தோருள் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. இவ்வளவு வசதிக் குறைவுக்கும் இடையே வேறுபாடு இத்துணைச் சிறிதாய் இருந்ததே வியப்பு! 1959-இல் இம்முடிவு வெளியானபோது உலக மருத்துவர்கள் சென்னையைத் திரும்பிப் பார்த்தனர்.

“சரி, நோயாளி தேறலாம், உடனிருக்கும் குழந்தைகளின் கதி என்ன?” என்று தாய்மார்கள் கேட்பர். அதையும் அம்மருத்துவர்கள் விட்டுவிடவில்லை. இரு பிரிவினரின் குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். நோயாளி வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகப் பரவியதெனக் காணப்படவில்லை. ஏனெனில் தொற்று பெரும்பாலும் நேர்வது நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே. முறையாக மருந்து உண்ணத் தொடங்கிய சில வாரங்களிலேயே பரப்பும் ஆற்றல் வெகுவாய்க் குன்றிவிடுகிறது. இக்கிருமி இருமலின் வழியாகக் காற்றில் பரவுவது. தட்டாலும் டம்ளராலும் அன்று. ஆகவே குழாயடியில் கவிழ்ந்து கிடந்த அந்தத் தட்டு எவரையும் காக்கவில்லை. ஒருத்தியின் மனத்தைப் புண்படுத்தியதே மிச்சம்.

மருத்துவர் நம்மிடம் மற்றோர் உண்மையையும் மறைக்கவில்லை. “இருமல் என்று வருகிறவருக்கு மருந்துத் தண்ணீரை மாற்றி மாற்றி எழுதிக்கொடுத்து மாதக்கணக்கைக் கழிப்பது எங்கள் தொழிலில் நேரும் பிழை” என்றார். இருமலோ காய்ச்சலோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், எடை குறைந்தால், சளியில் இரத்தம் கண்டால், சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் உடனே வேண்டும் என்பதே இன்று குடும்ப மருத்துவர்களுக்குரிய நெறி. சளியில் கிருமி உண்டா, அது மருந்துக்கு அடங்குமா என்பதைச் சில மணி நேரத்தில் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. பரிசோதிக்காமல் லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளைக் கொடுத்தால் காசநோய்க் கிருமி சிறிது காலம் பதுங்கிக்கொள்ளும். நோய் காண்பது தாமதப்படும். எனவே சளிப் பரிசோதனை எழுதித் தரும் மருத்துவரை, பணம் பறிக்கிறார் என்று எண்ண வேண்டாம். “சளியைப் பரிசோதிக்கலாமா, டாக்டர்?” என்று நாமே கேட்பதிலும் தவறில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நலமாயிருக்கும். ஆனால் மூன்றாம் மாதத்தில் அப்பெண்ணுக்கு இருமல் நின்றது, உடம்பும் தேறியது. மாத்திரையால் சிறுநீர் செந்நிறமாய்ப் போவதைக் கண்டு, ‘சூடு’ என்று சொல்லி மாமியார் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அது ரிஃபாம்பிசின் என்னும் மருந்தின் நிறமேயன்றித் தீங்கன்று. பாதியில் நிறுத்துவதே பெருந்தீங்கு. எஞ்சிய கிருமிகள் மீண்டும் தலைதூக்கும். மருந்துக்கு அடங்காத நிலையையும் அடையக்கூடும். பத்து நாள் அவள் வராததைக் கண்ட மருத்துவர் நமக்குச் செய்தி அனுப்பினார். முன்பு தவறாகச் சொன்ன வாய் இப்போது சரியாகச் சொல்லட்டும் என்று எண்ணி, அன்று மாலையே சென்றோம். “அம்மா, அன்று நாம் சொன்னது பிழை” என்று மாமியாரிடம் முதலில் ஒப்புக்கொண்டோம். அதன் பிறகே அவர் நம் பேச்சுக்குச் செவிசாய்த்தார். மறுநாளே மருமகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அன்று முதல் நாள்தோறும் மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்கச் செய்யும் பொறுப்பையும் அவரே ஏற்றார்.

அதற்கும் சேத்துப்பட்டே முன்னோடி. வீட்டில் மாத்திரை தவறுவதைக் கண்ட அம்மையத்தார், வாரம் இருமுறை நோயாளியை வரவழைத்துக் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்து, அது சிறந்த பலன் தருவதை 1964-இல் வெளியிட்டனர். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய நேர்ப்பார்வைச் சிகிச்சைக்கு அது வித்திட்டது. அந்த மையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகத் திகழ்கிறது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். மருந்தே குணப்படுத்துகிறது, ஆயினும் பட்டினி நோய்க்குத் துணை நிற்கிறது. இந்நிறுவனமும் பங்கேற்று ஜார்க்கண்டில் நடைபெற்ற ஆய்வொன்று 2023-இல் வெளியாயிற்று. நோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப் பொருள் வழங்கியபோது அவர்களுக்குப் புதிதாய் நோய் காண்பது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்ததை அது காட்டியது. மருந்தை அரசு இலவசமாகவே வழங்குகிறது. 2018 முதல் அளிக்கப்பட்டுவரும் ஊட்டச்சத்து உதவித்தொகையும் 2024 நவம்பரில் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கேட்டுப் பெறுவதில் வெட்கம் வேண்டாம்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருமல் இரண்டு வாரம் கடந்தால் மறைக்காதீர்கள். நோய் உறுதியானால் உடனிருப்போரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொன்னால் தடுப்பு மாத்திரையும் உண்ணுங்கள். காலம் முடியுமட்டும் மருந்தை நிறுத்தாதீர்கள். நோயாளிக்கு இருமும்போது வாயை மூடவும், சன்னலைத் திறந்து வைக்கவும் கற்றுக்கொடுங்கள், தட்டைப் பிரிக்காதீர்கள்.

சிகிச்சை முடிந்தபின் ஒரு ஞாயிறன்று அவ்வீட்டுக்குச் சென்றோம். குழந்தை திரும்பி வந்து, தாயின் தட்டிலிருந்தே சோறு எடுத்து உண்டுகொண்டிருந்தது. மாமியார் நமக்குக் காப்பி கொண்டுவந்தார். அந்த டம்ளர்தானா, வேறா என்று நாம் கேட்கவில்லை.