சர்க்கரை: ஒரு சொல், இரு பொருள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது பெருமாட்டி. தமிழும் மலையாளமும் ஒரே கடைவீதியில் புழங்கும் ஊர் இது. இங்கே ஒருவர் ‘சர்க்கரை ஒரு மூட்டை’ என்று எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் எதை அனுப்புவார்? மலையாளத்தில் ‘சர்க்கர’ என்பது வெல்லம். வெள்ளைச் சீனிக்குப் பெயர் ‘பஞ்சசார’. தமிழக நகரங்களிலோ சர்க்கரை என்றால் பெரும்பாலும் சீனியே.

வடமொழியில் ‘சர்க்கரா’ என்பதற்குப் பருக்கைக்கல் என்பது பொருள். காய்ச்சிய கருப்பஞ்சாறு உறைந்து பரல் பரலாக நின்ற தோற்றத்தால் அப்பெயர் இனிப்புக்கும் ஆகிவந்தது. அச்சொல்லே தமிழில் அக்காரம் ஆயிற்று. அக்காரவடிசிலில் அது இன்றும் வாழ்கிறது. பாரசீகத்தில் ‘ஷகர்’, அரபியில் ‘சுக்கர்’ என உருமாறி, ஐரோப்பா சென்று ஆங்கிலத்தில் ‘சுகர்’ ஆயிற்று. மலையாளக் கரையில் வழங்கிய ‘சக்கர’ போர்த்துகீசியர் வாயில் ‘ஜாகரா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஜாக்கரி’ என நின்றது. ஆக, சுகரும் ஜாக்கரியும் ஒரே வேரின் இரு கிளைகள். சீனி என்பதோ சீன நாட்டின் பெயரால் வந்த சொல்.

தமிழிலும் பழைய பொருள் மறைந்துவிடவில்லை. சர்க்கரைப் பொங்கலில் நாம் இடுவது வெல்லமே. கொங்கு நாட்டில் நாட்டுச் சர்க்கரை என்பதும் கரும்புச் சாற்றிலிருந்து வரும் பழுப்பு நிறத் தூளே.

பெயர் பணமாவதற்கு இடுக்கி மாவட்டத்து மறையூர் நல்ல சான்று. மறையூர், காந்தளூர் பகுதிகளில் கையால் உருட்டப்படும் வெல்லம், ‘மறையூர் சர்க்கர’ என்ற பெயரில் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. வெளியூர் மலிவு வெல்லம் அதே பெயரில் விற்கப்பட்டு, உழவரின் விலையைக் குலைத்து வந்ததற்கு இது சட்டப் பாதுகாப்பு. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம். உற்பத்தியாளர் தம்மையும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்வது நன்று.

எல்லைப்புற வணிகர்கள் கொள்முதல் ஆணையிலும், கடனுக்காக வங்கியில் அளிக்கும் இருப்புப் பட்டியலிலும் ‘சர்க்கரை’ என்று மட்டும் குறிக்க வேண்டாம் என்பது நம் வேண்டுகோள். இரண்டின் விலையும் வேறு. இருப்பு வைத்துக் காக்கும் முறையும் வேறு. வெல்லம் ஈரத்தில் எளிதில் இளகும். எனவே வெல்லம், நாட்டுச் சர்க்கரை, வெள்ளைச் சீனி என வகையையும் எடையையும் தனித்தனியே எழுதுங்கள். இருப்பின் மதிப்பும் கடன் வரம்பும் சரியாகக் கணிக்கப்படும்.