மார்கழியில் மெலியும் குதிரை

முப்புரம் எரிக்கச் சிவபெருமான் ஏறிவந்த தேரில் பூமியே தட்டு, சூரிய சந்திரர் சக்கரங்கள், நான்கு வேதங்கள் குதிரைகள், பிரம்மன் சாரதி. அந்தக் கதைக்குரிய தலம் கெடிலக்கரைத் திருவதிகை வீரட்டானம். அந்த ஊரைச் சுற்றி, பண்ருட்டி தொடங்கி நெய்வேலி நகரியம் வரை, இன்று குதிரை வைத்திருப்பவர்கள் சிலரே. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குச் சாரட்டு ஓட்டுபவர், கோயில் விழாவுக்கு அனுப்புபவர், ஆசைக்கு வளர்ப்பவர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் சந்தையில் மினுமினுவென்று நின்ற குதிரை, மார்கழி பிறப்பதற்குள் விலா எலும்பு தெரிய நிற்கும். கேட்டால், "தீனியே எடுக்க மாட்டேங்குதுங்க, கொள்ளு வச்சா மோந்து பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது" என்பார்கள். கொழுப்பு, திமிர், செல்லம் என்று அதற்கு ஆளுக்கொரு பெயர் வைப்பார்கள். குதிரைக்குத் திமிர் கிடையாது. பசிக்கிற குதிரை தீனியை ஒதுக்குகிறது என்றால் வாயிலோ வயிற்றிலோ தீனியிலோ ஏதோ ஒன்று சரியில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் வெல்லத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

குளிரைவிட மழைதான் காரணம்

பண்ருட்டிப் பக்கம் மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குதிரைக்கு அது குளிரே அல்ல. உலர்ந்த மயிரும் நிறைந்த வயிறும் உள்ள குதிரை பூஜ்ஜியத்துக்கு அருகிலான குளிரைக்கூடத் தாங்கும். ஊட்டியில் உறைபனி விழும் விடியலில் தெருவில் நிற்கும் மட்டக்குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் மயிர் நனைந்து, மேலே காற்றும் அடித்தால் அந்தக் கணக்கு செல்லாது. ஈர உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே தின்றதில் பெரும்பங்கு செலவாகிவிடும்.

கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்க்கிறது. அப்போது அறுக்கும் புல் பார்வைக்குச் செழிப்பாக இருக்கும், கைக்குக் கனமாகவும் இருக்கும். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர். வெயில் காலத்தில் 25 கிலோ பசும்புல்லில் ஆறு கிலோ வரை உலர்சத்து கிடைக்கும். அடைமழையில் அதே 25 கிலோக் கட்டில் நான்கு கிலோ தேறுவதே கடினம். கட்டின் எடை குறையவில்லை என்பதால் குதிரைக்காரர் கவனிக்க மாட்டார். பட்டினி கிடப்பது குதிரைக்குத்தான் தெரியும்.

இதோடு வைக்கோல் போரும் கடலைக்கொடிப் போரும் நனைந்து பூஞ்சை பிடிக்கும். மாடு முகம் சுளிக்காமல் தின்னும் கொடியைக் குதிரை ஒதுக்கினால் குதிரையை நம்புங்கள். ஒரு பிடியைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனால் புழுங்கிய வாடை வரும். உதறினால் சாம்பல்போலத் தூசி பறக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கும் கேடு, குடலுக்கும் கேடு.

முதலில் வாயைத் திறந்து பாருங்கள்

குதிரையின் பல் ஆயுள் முழுக்க ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும். அரைத்து அரைத்துத் தேயும். தேய்மானம் சமமாக இராது. மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரமும் கீழ்க் கடைவாய்ப் பற்களின் உள் ஓரமும் கத்திபோலக் கூராகும். மேலே உள்ளது கன்னத்தைக் கிழிக்கும், கீழே உள்ளது நாக்கைக் கிழிக்கும். நாளெல்லாம் மேய்ந்து நரநரவென்று புல்லை அரைக்கும் குதிரையைவிட, லாயத்தில் நின்று அவித்த கொள்ளை விழுங்கும் குதிரைக்கே இந்தத் தொல்லை அதிகம்.

தொட்டிக்கு அடியில் பாருங்கள். பாதி மென்ற புல், எச்சில் ஊறிய உருண்டையாக, சிறு எலுமிச்சை அளவில் கிடந்தால் பல்லில்தான் கோளாறு. லத்தியில் முழுக் கொள்ளு அப்படியே வெளியேறினாலும், மெல்லும்போது தலையை ஒருபக்கமாகச் சாய்த்தாலும், வாயில் நாற்றம் அடித்தாலும் அதே சந்தேகம் வரவேண்டும். கால்நடை மருத்துவர் அரத்தால் ராவிச் சரிசெய்வார். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 15 வயது தாண்டியதற்கு இரண்டு முறை.

குடற்புழு இன்னொரு காரணம். கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பதைவிட லத்தியைச் சோதித்துவிட்டுக் கொடுப்பதே சரி. மூன்றாவதும் உண்டு, அதை நம் பக்கம் பலர் கேள்விப்பட்டதே இல்லை. மழைக்காலத்தில் பெருகும் மாட்டு ஈ வகைகள் பரப்பும் சர்ரா நோய் அது. காய்ச்சல் வரும், தானாகவே போகும், மறுபடி வரும். கால்களும் அடிவயிறும் வீங்கும். நன்றாகத் தின்றாலும் உடம்பு கரையும். ரத்தச் சோதனை செய்தால்தான் தெரியும். இந்த நோய் இருக்கும்போது எத்தனை கிலோ கொள்ளு வைத்தாலும் அது ஒட்டாது.

காயலில் இறங்கிய குதிரைகள்

தமிழ்நாட்டில் தீனி தெரியாமல் குதிரையை இழப்பது புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர்கள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து காயல் துறைமுகம் வழியே ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கிக் குவித்தார்கள். ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று மார்க்கோ போலோ எழுதினார். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுக்கிறார்கள் என்றும் சேர்த்து எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமை, நெய்யில் பிசைந்த தானியம், காய்ச்சிய பசும்பால் ஆகியவற்றைக் கொடுத்ததாகக் குறிப்பிடுகிறார். இருவர் எழுத்திலும் மிகை இருக்கலாம். ஆனால் அன்பு மிகுந்துபோய் மனிதருக்குப் பிடித்ததைக் குதிரைக்கு ஊட்டும் பழக்கம் எழுநூறு ஆண்டுகள் கழித்தும் நம்மை விட்டுப் போகவில்லை. கல்யாண வீட்டில் லட்டும் கேசரியும் ஊட்டுகிறவர்களைத் தடுப்பவர் யாரும் இல்லை.

புல்தான் சோறு, கொள்ளு தொடுகறி

குதிரையின் இரைப்பை சிறியது, ஏறத்தாழ ஒரு வாளி அளவுதான். தின்றாலும் தின்னாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். புல்லை மெல்லும்போது ஊறும் எச்சில்தான் அந்த அமிலத்தைத் தணிக்கிறது. காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை கொள்ளு வைத்துவிட்டு இடையில் வெறும் தொட்டியைப் பார்க்கவிட்டால் இரைப்பையில் புண் வரும். புண் வந்த குதிரை முதலில் ஒதுக்குவது தானியத்தை. குதிரை கொள்ளைத் தொடவில்லை என்ற புகாரில் பாதிக்கு இதுதான் மூலம் என்பது என் எண்ணம்.

ஆகவே கணக்கைப் புல்லிலிருந்து தொடங்குங்கள். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்சத்து புல்லாகவும் கொடியாகவும் உள்ளே போகவேண்டும். 300 கிலோக் குதிரைக்கு நாலரை முதல் ஆறு கிலோ. மழை மாதங்களில் பசும்புல்லை மட்டும் நம்பாமல் மூன்று கிலோவாவது காய்ந்த கொடியோ காய்ந்த புல்லோ சேருங்கள். நாலைந்து தடவையாகப் பிரித்துப் போடுங்கள். இரவில் போடுவதே பெரிய பங்காக இருக்கட்டும். நார்ச்சத்து பெருங்குடலில் நொதிக்கும்போது வெளிப்படும் வெப்பம், எந்தச் சாக்குப் படுதாவையும்விட நன்றாக உடம்பைச் சூடாக வைக்கும்.

கொள்ளைப் பழிக்கவில்லை. நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம் உள்ள பயறு அது. ஊறவைத்து, வேகவைத்து, அன்றன்றே கொடுக்கவேண்டும். நேற்றைய மீதி புளித்திருந்தால் குதிரை முகர்ந்துவிட்டு விலகுவதில் வியப்பில்லை. எந்தத் தானியமானாலும் ஒரு வேளைக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேற்பட்ட மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் வயிற்றுவலியையும் குளம்பு வீக்கத்தையும் கொண்டுவரும்.

நம் நிலத்தில் விளைவதில் எது ஆகும்?

பண்ருட்டி வட்டாரத்துக்குக் கிடைத்த வரம் கடலைக்கொடி. சுண்ணாம்புச்சத்தும் புரதமும் உள்ளது, குதிரைகள் விரும்பித் தின்னும். அறுவடையின்போதே இலை உதிராமல் காயவைத்து, தரையில் படாமல் பரண்மேல் அடுக்கி வைத்தவருக்கு மார்கழி கவலையில்லை. தட்டைப்பயறுக் கொடியும் நல்லது. குதிரைமசால் கிடைத்தால் இரண்டொரு கிலோ போதும். மெலிந்த குதிரையைத் தேற்ற அதைப்போல வேறில்லை. அருகம்புல்லுக்குக் கேட்கவே வேண்டாம்.

வைக்கோலைத் தின்று செரிக்க மாட்டுக்கு வயிறு நான்கு அறையாக இருக்கிறது, குதிரைக்கு இல்லை. வைக்கோலே கதி என்று விட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். பால்மாட்டுக்காரர் வரப்பில் வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை மட்டுமே மாதக்கணக்கில் போடுவதும் ஆபத்து. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். அதோடு பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டையும் அள்ளிக்கொடுத்தால் எலும்பு பலமிழந்து முகம் வீங்கி, நடை நொண்டும். கடலைக்கொடி கலந்து போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சூபாபுல் தழை தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். பச்சைச் சோளத்தட்டை தவிர்க்கவேண்டியது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் மூளையையே பாதித்துக் கொல்லும்.

மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் மலிவு என்று மூட்டையைப் பிரிக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து மாட்டுக்குப் பாதகமில்லை, கோழிக்கும் பாதகமில்லை. குதிரைக்குச் சிறிதளவே போதும், இதயத்தைச் சிதைத்துவிடும். வீட்டு முன்னும் சாலை நடுவிலும் பூத்து நிற்கும் அரளியும் அப்படித்தான். குதிரையைக் கட்டும் இடத்தில் அது இருக்கவே கூடாது.

அடம்பிடிக்கும் குதிரையைத் தின்ன வைக்க

பல், புழு, புண், நோய் எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் முகம் திருப்புகிறது என்றால் மெதுவாகப் போங்கள். புதுத் தீனியை முதல் நாள் ஒரு கைப்பிடி மட்டும் பழைய தீனியோடு கலந்து வைத்து, பத்துப் பதினைந்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும்.

எடை கூட்ட நான் முதலில் சொல்வது எண்ணெய். சம எடைத் தானியத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான சக்தி அதில் இருக்கிறது, இரைப்பையைச் சூடாக்குவதில்லை. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் காறாமல் இருந்தால் போதும். தவிட்டில் இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி மூன்று வாரத்தில் நாளொன்றுக்கு 150 மில்லிவரை ஏற்றலாம். நாசூக்கான குதிரை எண்ணெய் வாடைக்கே பின்வாங்கும். அதனால்தான் அவ்வளவு மெதுவாக. ஈரத் தவிட்டில் சீவிய கேரட்டோ சிறு துண்டு வெல்லமோ சேர்ப்பது தவறில்லை, ஆனால் அது வாசனைக்குத்தான்.

மழைக் குளிரில் குதிரை தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும். உலர்தீவனம் தின்னும் 300 கிலோக் குதிரைக்கு நாளுக்கு 20 லிட்டராவது உள்ளே போகவேண்டும், இல்லையென்றால் பசியும் போகும், குடலும் இறுகும். விடியலில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். தினமும் 25 முதல் 30 கிராம் கல்லுப்பு கொடுங்கள். தொட்டியின் மூலையில் ஒட்டிக் காய்ந்த பழைய தவிட்டைச் சுரண்டிக் கழுவுங்கள். நமக்கு எட்டாத புளிப்பு வாடை அதன் மூக்குக்கு எட்டும். இரண்டு குதிரைகள் இருந்தால் தனித்தனியே கட்டித் தீனி வையுங்கள். பயந்த குதிரை பசியோடுதான் ஒதுங்கி நிற்கும்.

எடை ஏறுகிறதா?

கண்ணை நம்பாதீர்கள். மழைக்கால மயிர் அடர்ந்து எலும்பை மறைக்கும், கையால் தடவிப் பாருங்கள். விலா கண்ணுக்குத் தெரியாமல், விரலுக்கு எளிதில் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. 1983இல் அமெரிக்காவில் ஹென்னெக் வகுத்த ஒன்பது படி அளவுமுறையில் அது ஐந்தாம் படி. தையல்காரர் நாடாவே எடைக்கருவி: முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனைவரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 155, நீளம் 150 என்றால் 303 கிலோ. பதினைந்து நாளுக்கு ஒருமுறை லாயத்துச் சுவரில் குறித்துவையுங்கள். ஒரு படி ஏறவே இரண்டு மாதம் பிடிக்கலாம்.

சூலை எடுத்தால்

திலகவதியார் திருநீறு அளிக்க, தம்பி திருநாவுக்கரசரின் சூலை தீர்ந்த தலம் திருவதிகை. குதிரைக்கும் உயிர் குடிக்கும் நோய் வயிற்றுவலிதான். குதிரையால் வாந்தி எடுக்கவே முடியாது. உள்ளே தேங்கியது இரைப்பையைக் கிழிக்கும் அளவுக்குப் போகும். முன்னங்காலால் தரையைப் பறண்டுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, லத்தி நின்றுபோவது என எதைக் கண்டாலும் தீனியை எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண். வாய்வழியாக எண்ணெயோ கசாயமோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பழைய வலிமருந்து ஊசியும் வேண்டாம், அது நோயை மறைக்கும். கடைசியாக லத்தி போட்டது எத்தனை மணிக்கு, தண்ணீர் எவ்வளவு குடித்தது, இரண்டு நாளாகத் தீனியில் என்ன மாற்றினீர்கள் என்று மருத்துவர் கேட்பார். அவர் வருவதற்குள் குறித்துவைத்திருங்கள்.