நோய் எல்லாத் தெருவுக்கும் வருகிறது, மருந்து?

காலனிக் குழந்தைக்கு வாந்தி பேதி என்றால், "சுத்தமில்லை, அதனால்தான்" என்று ஊரில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். மருத்துவம் சொல்வது வேறு.

குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணம் ரோட்டா வைரஸ். 1973-ல் ஆஸ்திரேலியாவில் ரூத் பிஷப் குழுவினர் இதைக் கண்டறிந்தனர். தடுப்பு மருந்து வருவதற்கு முன், பணக்கார நாடு, ஏழை நாடு என்றில்லாமல் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஐந்து வயதுக்குள் இது தொற்றியது. ஆனால் சாவுகள் பெரும்பாலும் ஏழை நாடுகளில்தான். பிழைப்பதும் சாவதும் சிகிச்சை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைந்தது.

இந்த வைரஸ் சிறுகுடலின் உட்சுவரைச் சேதப்படுத்துகிறது. குடலால் நீரையும் உப்பையும் உறிஞ்ச முடிவதில்லை. முதலில் வாந்தி, காய்ச்சல். பிறகு தண்ணீராய்ப் பேதி. ஆன்டிபயாடிக் மருந்து வைரஸைக் கொல்லாது. குழந்தையின் உயிரைப் பறிப்பது நீரிழப்பு. அதைத் தடுப்பது ஓ.ஆர்.எஸ். உப்புக்கரைசல். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

தமிழகத்தில் ரோட்டா தடுப்பு மருந்து 2017 முதல் அரசால் இலவசமாகத் தரப்படுகிறது. 6, 10, 14-வது வாரங்களில் வாய்வழியாகக் கொடுக்கப்படும். மாணவர்களே, உங்கள் தெருவில் கைக்குழந்தை உள்ள வீடுகளில் தடுப்பூசி அட்டையைப் படித்துச் சொல்லுங்கள்.

தடுப்பு மருந்து மட்டும் போதாது. நோரோ வைரஸும் பாக்டீரியாக்களும் பேதியை உண்டாக்கும். அசுத்த நீர் இவற்றுக்கு வழி. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக்கழிவு கலக்கப்பட்டது, குழந்தைகள் நோயுற்று மருத்துவமனைக்குச் சென்ற பிறகே வெளியே தெரிந்தது. பட்டியலின மக்கள் பயன்படுத்தும் நீர்நிலையை மாசுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியே குற்றம்.

வரும் கிராம சபையில் நான்கு கேள்விகள் கேளுங்கள். எங்கள் தொட்டியைக் கடைசியாக என்று கழுவினீர்கள்? குளோரின் போடுகிறீர்களா? எங்கள் குழாய் சாக்கடையைக் கடந்து வருகிறதா? அங்கன்வாடியில் உப்புக்கரைசல் பாக்கெட் இருக்கிறதா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். இது சலுகை அல்ல. நம் குழந்தைகளின் உயிருரிமை.