கொரியரும் ஆங்கிலச் சொற்றொடர் மரபும்

தென்கொரியாவில் 1997 முதல் தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் கற்பிக்கப்பட்டு வருகிறது. ஆயினும் அரிய சொற்கள் பலவற்றை அறிந்த கொரிய மாணவரும் 'புட் அப் வித்' என்னும் எளிய தொடரின்முன் திகைத்து, தம் கல்வியே குறையுடையதெனக் கருதிப் பேச அஞ்சுவதுண்டு. வை, மேலே, உடன் என மூன்று சொற்களுக்கும் பொருள் கூட்டினும் 'பொறுத்துக்கொள்' என்னும் கருத்து பிறப்பதில்லையன்றோ!

இவ்வியல்பு ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. 'பாதம் அகன்றவர்' என்று கொரியர் கூறின், பலரோடும் பழக்கமுடையவர் என்பதே பொருள். அதனை அவ்வாறே ஆங்கிலத்தில் பெயர்த்தால் கேட்பவர் காலணியின் அளவையே எண்ணுவார்.

மேலும், கொரிய மொழியில் வினையை அடுத்துத் துணைவினை வரும். 'உண்டு பார்' என்பதில் 'பார்' முயற்சியைக் குறிக்கும். தமிழ் வழக்கும் இதுவே என்பதை நாம் அறிவோம். 'உண்டு எறி' என அவர்கள் சொன்னால் முழுதும் உண்டுவிடுதல் என்று பொருள். ஆங்கிலமோ இப்பணியைச் சிறு சொல்லொன்றிடம் ஒப்படைக்கிறது: 'ஈட்' என்றால் உண், 'ஈட் அப்' என்றால் உண்டு தீர்.

ஆகவே, கொரிய மாணவர் இத்தொடர்களைப் பிரித்துப் பொருள் தேடாது, ஒவ்வொன்றையும் ஒரே சொல்லாகக் கொண்டு, அது வழங்கும் வாக்கியத்தோடு பயிலுதல் வேண்டும். தம் தாய்மொழியின் மரபை ஊன்றி நோக்குவார்க்கு ஆங்கில மரபும் அயன்மையுடையதாகத் தோன்றாது என்பது நம் துணிபு.